பதினெட்டு கியரும் ஒரு பஞ்சர் கடையும்

சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், காரனோடைப் பாலத்தைத் தாண்டி, கும்மிடிப்பூண்டி வருவதற்குள் பெரியபாளையத்துக்கு ஒரு சாலை பிரியும். அந்தக் கூட்டு ரோடுதான் புதுவாயல். பவானி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள், சிப்காட் ஷிப்ட் பஸ்கள், கம்பி ஏற்றிய டிரெய்லர்கள், எந்தப் பக்கம் திரும்பப்போகிறோம் என்பதைத் திரும்பிய பிறகே முடிவு செய்யும் ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் கூடுகிற இடம். ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் இவற்றோடு இன்னொரு கோஷ்டியும் சேர்ந்துகொள்கிறது: உடம்போடு ஒட்டிய சட்டையும் வளைந்த ஹேண்டில்பாருமாகச் சென்னைப் பக்கமிருந்து வரும் சாலைச் சைக்கிள்காரர்கள். டீக்கடையில் ஒருவர் இறங்கித் தன் சைக்கிளின் விலையைச் சொன்னால், அடுத்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “மோட்டார் எங்க சார் கீது?”

இந்த ஊரில் குடியிருந்துகொண்டு அந்தக் கோஷ்டியில் சேர நினைப்பவரின் கதி என்ன என்பதைப் பார்க்க, நம்மவர் ஒருவரைப் பிடித்துக்கொள்வோம். சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர். நாற்பதைத் தாண்டியவர். எட்டு கிலோ குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்ததும், எட்டு கிலோ எடையுள்ள சைக்கிள் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தவர்.

சாலைச் சைக்கிள் வாங்கப் போகிறவருக்கு முதலில் வரும் காய்ச்சல் கியர் செட் காய்ச்சல். 1921-ல் ஜப்பானின் சகாய் நகரில் ஃப்ரீவீல் செய்யத் தொடங்கிய ஷிமானோ, இன்று சைக்கிள் உலகத்துக்கே படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறது. கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ். ஹெல்பரில் தொடங்கி ஜெனரல் மேனேஜர் வரை போகும் தொழிற்சாலை கிரேடு மாதிரிதான். 105 வரை ஒவ்வொரு படிக்கும் பின்சக்கரத்தில் பல்சக்கரம் கூடும், அதற்கு மேலேயும் எடையில் கொஞ்சம் குறையும், விலையில் நிறையக் கூடும். இதில் உள்ள சூழ்ச்சி என்னவென்றால், நீங்கள் எந்தப் படியில் நின்றாலும் அடுத்த படி “இன்னும் கொஞ்சம் போட்டால்” கிடைத்துவிடும் தூரத்தில்தான் இருக்கும். கீழ்ப்படிகள் சிலவற்றை ஷிமானோ இப்போது கியூஸ் என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்துகொண்டிருக்கிறது. அதனால் காய்ச்சல் இறங்கியதாகத் தகவல் இல்லை.

நம்மவர் சோராவில் நின்றார். மனைவி நிறுத்தினார் என்பது துல்லியமான செய்தி. முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் ஒன்பது, ஆக மொத்தம் பதினெட்டு கியர். முக்கால் லட்சத்தை ஒட்டிய விலையை அந்தப் பதினெட்டால் வகுத்து, ஒரு கியருக்கு இவ்வளவுதான் ஆகிறது என்று வீட்டில் கணக்குக் காட்டினார். தரக் கட்டுப்பாட்டுக்காரர் அதோடு சும்மா இருந்திருக்கலாம். பல் எண்ணிக்கையை எக்செல்லில் போட்டுப் பார்த்தார். முன்னால் 50 பல், பின்னால் 16 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுச் சுற்றச் சக்கரம் 3.13 சுற்று. முன்னால் 34, பின்னால் 11 என்றாலும் 3.09. 50-க்கு 18 போட்டால் 2.78, 34-க்கு 12 போட்டால் 2.83. இப்படியே போய், பதினெட்டில் ஆறு இரட்டைப் பிறவி என்று தெரிந்தது. போதாததற்கு, பெரியதற்குப் பெரியதும் சின்னதற்குச் சின்னதும் போட்டால் செயின் கோணலாக ஓடித் தேயும், அந்தப் பக்கம் போகாதே என்பது எல்லா மெக்கானிக்கும் சொல்லும் புத்தி. மிச்சம் தேறியது ஒரு டஜன்தான்.

அந்த டஜனுக்கும் புதுவாயலில் வேலை கிடையாது. இது தட்டையான பூமி. பொன்னேரிப் பக்கம் போனாலும் கவரப்பேட்டைப் பக்கம் போனாலும் வழியில் ஏறுவதற்கு மேம்பாலத்தை விட்டால் ஒன்றும் இல்லை. மலை வேண்டுமென்றால் எல்லை தாண்டி நாகலாபுரம் பக்கம் போக வேண்டும். இங்கே ஏற்றம் என்பது காற்றுதான். மத்தியானத்துக்கு மேல் பழவேற்காட்டுப் பக்கமிருந்து கடற்காற்று கிளம்பினால், தட்டையான சாலையும் தூக்கிக்கொண்டு நிற்கும். மணிக்கு முப்பது கிலோமீட்டரில் போகிறவர் செலவழிக்கும் தெம்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. சைக்கிளில் அரைக் கிலோ குறைவதைவிட, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிவது பலன் தரும். அதற்குத் தொப்பை சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்காற்றில் நம்மவர் கடைசியில் நிம்மதியாகக் குடியேறிய கியர் 34-க்கு 14. அதாவது 2.43. ஒருநாள் டீக்கடையில் சாய்த்து வைத்திருந்த பால்காரரின் பழைய சைக்கிளில் பற்களை எண்ணினார். முன்னால் 44, பின்னால் 18. வகுத்தால் 2.44. பால்காரர் அந்த ஒரே கியரில் நாற்பது லிட்டர் பாலோடு அவரைத் தினமும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார். பிளஸ் ஒன் படிக்கும் பையன்களும் அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில், பின்னால் ஒருவனை உட்காரவைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே தாண்டுகிறார்கள்.

எடை விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். உலகச் சைக்கிள் பந்தய அமைப்பான யூ.சி.ஐ., 2000-ஆம் ஆண்டிலிருந்து 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளைப் பந்தயத்தில் விடுவதில்லை. அந்த எல்லையை எட்டிப் பிடிக்க ஆசைப்பட்டு, சில பத்து கிராம் குறையும் என்று கார்பன் பாட்டில் கூண்டு வாங்குகிறவர்கள் உண்டு. கூண்டில் வைக்கும் பாட்டிலில் முக்கால் லிட்டர் தண்ணீர், முக்கால் கிலோ. கூட்டு ரோட்டில் நிறுத்தித் தின்னும் போண்டாவை எடை போட நம்மவரின் தராசு இன்னும் போகவில்லை.

சரி, எதற்குத்தான் செலவு செய்ய வேண்டும்? ரப்பருக்கு. இதில் புதுவாயல்காரருக்கு ஒரு பரம்பரை உரிமையே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனின் மூன்று சக்கர சைக்கிள் தடதடக்கிறதே என்று ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். நல்ல யோசனை. ஆனால் டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பஞ்சரானால் பிய்த்து எடுத்து, ஒட்டி, இரவு முழுக்கக் காயவிட வேண்டும். பிரான்ஸில் கிளெர்மோன்-ஃபெரான் என்ற ஊரில் ரப்பர்ப் பட்டறை வைத்திருந்த மிஷலின் சகோதரர்களிடம் ஒருவர் அப்படி ஒரு டயரைக் கொண்டுபோய்ப் பழுது பார்க்கச் சொல்ல, அவர்கள் அந்த அவஸ்தையில் நொந்து, கையால் கழற்றி மாட்டக்கூடிய டயரை 1891-ல் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அந்த டயரில் ஓட்டி, தூக்கத்தை மறந்து, 71 மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு ஜெயித்தார். அடுத்த ஆண்டு மிஷலின் தானே ஒரு பந்தயம் நடத்தி, பஞ்சர் ஒட்டுவது எவ்வளவு சுலபம் என்று ஊருக்குக் காட்ட, சாலையில் ஆணி தூவியதாகச் சொல்வார்கள். நம்மூர் நெடுஞ்சாலையில் அந்த வேலைக்குத் தனியாக ஆள் போட வேண்டியதில்லை.

இந்த இரண்டு பெயர்களும் நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தன. டன்லப் அம்பத்தூரில் ஆலை வைத்துப் பல காலம் ஓட்டி, நின்றுபோனது. மிஷலின் 2009-ல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டு, கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் ஆலை கட்டியது. அங்கே செய்யத் தொடங்கியது லாரி, பஸ் டயர். சைக்கிள் டயர் இல்லை. ஆக, நம்மவர் மிஷலின் ஆலைக்குப் போகும் லாரிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டே, எங்கோ செய்த மிஷலின் சைக்கிள் டயருக்குக் கைபேசியில் ஆர்டர் போடுகிறார். கூரியர்காரர் விலாசம் கேட்டுப் போன் செய்யும்போது, “தேர்வாய்கண்டிகை போற ரூட்டுதாங்க, டயர் கம்பெனி தெரியுமில்ல?” என்று வழியும் சொல்கிறார்.

டயர் வந்தது. அடுத்து காற்று.

கூட்டு ரோட்டிலிருந்து சற்று உள்ளே இருக்கும் பஞ்சர் கடை அண்ணன், முப்பது வருஷமாக வால் டியூப் போடுகிற கை. இங்கிருக்கும் சாதாரண சைக்கிள்களில் இருப்பது டன்லப் காலத்து வால்வு. உள்ளே ஒரு துண்டு ரப்பர்க் குழல் போட்டால் வேலை முடிந்தது. சாலைச் சைக்கிளில் வருவது பிரெஸ்டா என்ற ஒல்லி வால்வு. உச்சியில் ஒரு குட்டித் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, ஒரு தரம் அமுக்கிவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும். அண்ணன் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இன்னா சார், வால் டியூபே இல்ல? கம்பெனில போட மறந்துட்டானா?”

“இது வேற வால்வுண்ணா. நூறு பவுண்டு அடிக்கணும்.”

“நூறா? லாரிக்கே அவ்ளோதான் சார் அடிக்கிறோம்.”

அண்ணன் சொன்னது சரி. லாரி டயரில் இருக்கும் அழுத்தத்தைத்தான் 23 மில்லிமீட்டர் அகல டயர்கள் கேட்டன. உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம், சாலையைத் தொடும் இடம் கட்டைவிரல் அகலம், மேலே உட்கார்ந்திருப்பது முழு மனிதன். கொஞ்சம் குறைந்தாலும் பள்ளத்தில் ரிம் டியூபைக் கடித்து, பாம்பு கடித்தாற்போல இரண்டு ஓட்டை விழும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்புவரை ஒல்லி டயரே வேகம் என்று பந்தயக்காரர்களும் நம்பினார்கள். பிறகு அளந்து பார்த்தபோது, கரடுமுரடான சாலையில் அகல டயரைக் கொஞ்சம் குறைந்த அழுத்தத்தில் ஓட்டினால் அதிர்வில் வீணாகும் தெம்பு மிச்சமாகிறது என்று தெரிந்து 25-க்கும், பிறகு 28-க்கும் அதற்கு மேலேயும் போய்விட்டார்கள். சர்வீஸ் ரோட்டின் ஜல்லியைப் பார்த்தால், புதுவாயலுக்கு 28 என்பது சலுகை இல்லை, தேவை. அதில் எழுபது எண்பது பவுண்டு போதும். இடுப்பும் நன்றி சொல்லும்.

பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் உண்டு. பிரெஸ்டா தலையில் திருகினால் மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் குழாயே பொருந்திவிடும். அண்ணன் அதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தார். அடுத்த மாதம் அவர் கடை ஆணியில் ஒரு கொத்துத் தொங்கியது. சும்மா வருகிறவருக்கு இருபது ரூபாய், ஹெல்மெட் போட்டு வருகிறவருக்கு ஐம்பது.

எப்படியும் வீட்டில் அழுத்தமானி வைத்த கைப்பம்பு ஒன்று வேண்டும். சைக்கிள் டியூபின் ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கும். வாரத்துக்கு ஒரு முறையாவது அடிக்காத சாலைச் சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டாயம் பழிவாங்கும். சைக்கிளோடு வாங்க வேண்டிய முதல் பொருள் பம்பு, கறுப்புக் கண்ணாடி இல்லை. இதைக் கடைக்காரர்கள் ஏனோ கடைசியில்தான் சொல்கிறார்கள்.

இனி பஞ்சர். நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவரின் எதிரி ஆணி என்று நினைக்கத் தோன்றும். ஆணி கண்ணுக்குத் தெரியும், விலகிக்கொள்ளலாம். நிஜ எதிரி, வெடித்துச் சிதறிய லாரி டயர்களிலிருந்து உதிரும் கம்பி. ரேடியல் டயருக்குள் எஃகு நூல்களைப் பின்னி வைத்திருப்பார்கள். டயர் கிழிந்து கிழிந்து அந்த நூல்கள் சாலையோரம் முழுக்கத் தூளாகக் கிடக்கும். முடி கனம், நகக்கண் நீளம். சைக்கிள் டயருக்குள் மெல்லப் புகுந்து, ஊரைத் தாண்டி ஆள் இல்லாத இடத்தில் வேலையைக் காட்டும். டியூபை மாற்றிவிட்டுக் கிளம்பினால் கால் மணி நேரத்தில் மறுபடி காற்று இறங்கும், ஏனென்றால் கம்பி இன்னும் டயருக்குள்தான் இருக்கிறது. இந்த இடத்தில் அண்ணனின் வித்தை தனி. டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பார்ப்பார். வால்விலிருந்து அந்த ஓட்டை எத்தனை சாண் என்று அளந்து, டயரில் அதே தூரத்துக்குப் போவார். பனியன் வேஸ்ட்டை உள்ளே விட்டுத் தடவுவார். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே கம்பி. குறடால் பிடுங்கி, உள்ளங்கையில் வைத்துக் காட்டி, “இதுக்கா சார் நூறு பவுண்டு?” என்பார்.

செயினுக்கு வருவோம். ரப்பர்ப் பெருமையைப் போலவே செயின் பெருமையும் இந்த வட்டாரத்துக்கு உண்டு. முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்தார்கள். ஃபிரேமுக்கான குழாய் ஆவடியில் வந்தது. செயினுக்கு, அமெரிக்காவின் டைமண்ட் செயின் கம்பெனியோடு கைகோத்து 1960-ல் டி.ஐ. டைமண்ட் செயின். அந்த டைமண்ட் சாதாரணக் கம்பெனி இல்லை. 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தில் இன்ஜினிலிருந்து புரொப்பெல்லர்களுக்குச் சக்தி கொண்டுபோன செயின் அவர்களுடையது. ரைட் சகோதரர்களே சைக்கிள் கடைக்காரர்கள்தான் என்பதால் சரக்கு எங்கே நல்லது என்று தெரிந்திருக்கும்.

1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் கொண்டுவந்த உருளைச் செயினின் சாதியிலேயே இன்றைக்கும் நாம் இருக்கிறோம். பால்காரர் செயினிலும் பந்தயக்காரர் செயினிலும் ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் இடைவெளி அதே அரை அங்குலம். அகலம்தான் ஒடுங்கிக்கொண்டே போகிறது. 1999-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் செயினைச் சோதித்தவர்கள், நல்ல நிலையில் அது 98.6 சதவீதம் வரை சக்தியைக் கடத்துகிறது என்று கண்டார்கள். எண்ணெய் போட்டாலும் போடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றும் சொன்னார்கள். ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். உருக்காலைத் தூசு, ஜல்லிப் பொடி, ஐப்பசி மழைச் சேறு மூன்றும் கலந்த புதுவாயல் சர்வீஸ் ரோட்டில் சோதித்திருந்தால் முடிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் அண்ணன் சொல்லும் பரிகாரம் பழைய இன்ஜின் ஆயில். செயின் கறுகறுவென்று பளபளக்கும், சத்தம் போகும், நம்மவர் மகிழ்வார். அந்தப் பிசுக்கில் தூசு ஒட்டி, மணலும் எண்ணெயும் சேர்ந்த அரைமாவாகி, செயினைச் சாணை பிடிக்கத் தொடங்கும். சைக்கிளுக்கென்று விற்கும் எண்ணெயில் கோடைக்கு உலர்ந்த வகை, மழைக்கு ஈர வகை என்று இரண்டு உண்டு. எதுவானாலும் ஒவ்வொரு முள்ளிலும் ஒரு சொட்டு விட்டு, ஊறவைத்து, வெளியில் இருப்பதையெல்லாம் துடைத்து எடுத்துவிட வேண்டும். எண்ணெய் வேண்டியது உள்ளேதான். போடுவதைவிடத் துடைப்பது முக்கியம் என்ற இந்தச் செய்தியை நம்மவர் ஏற்க நாளாயிற்று. காசு கொடுத்து வாங்கியதைத் துடைத்து எறிவது அவர் வளர்ந்த விதத்துக்கு ஒத்துவரவில்லை.

கழுவ மண்ணெண்ணெய் நல்லது. ரேஷனில் அது அரிதாகிவிட்டதால் டீசல். தேய்க்கப் பழைய டூத் பிரஷ். பழையது என்று இவர் எடுத்தது பழையதில்லை என்பது மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தெரியவந்தது.

“ஏங்க, பேஸ்ட்டு மாத்திட்டீங்களா?”

அந்தக் காலத்தை ஒட்டித்தான் பேச்சை மாற்ற நம்மவருக்கு ஒரு நல்ல செய்தியும் கிடைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. “இப்ப வாங்கினா ஏழு சதவீதம் மிச்சம்” என்றார். “வாங்காட்டி நூறு சதவீதம் மிச்சம்” என்று பதில் வந்தது. காலணியைப் பூட்டிக்கொள்ளும் பெடல், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த டிரவுசர் ஆகியவற்றின் கொள்முதல் அத்தோடு தள்ளிப்போனது. பூட்டும் பெடலைப் பொறுத்தவரை அதுவும் நல்லதுக்கே. ஷேர் ஆட்டோ திடுமென நிற்கும் சாலையில் காலை உடனே ஊன்ற முடிவது பெரிய பாதுகாப்பு. டிரவுசரை மட்டும் தள்ளிப்போட்டிருக்க வேண்டாம். சீட்டை மாற்றி மாற்றிப் பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது வேறு சீட் இல்லை, அந்த டிரவுசர்.

செயின் எப்போது போய்ச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க ஒரு சாதாரண எஃகு ஸ்கேல் போதும். புதுச் செயினில் பன்னிரண்டு ஜோடிக் கண்ணிகள் சரியாகப் பன்னிரண்டு அங்குலம். அது பன்னிரண்டைத் தாண்டி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு வரை விட்டால், பின்சக்கரப் பற்களையும் அது தின்றிருக்கும். இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டும். சில நூறிலோ ஆயிரத்திலோ முடிய வேண்டிய செலவு பல மடங்காகும். சாலைச் சைக்கிள் பராமரிப்பில் இதைவிட லாபமான ஐந்து நிமிஷம் கிடையாது. தரக் கட்டுப்பாட்டுக்காரருக்கு இது பிறந்த வீட்டுச் சீர். அளந்தார், நோட்டில் தேதி போட்டு எழுதினார், பஞ்சர் கடை அண்ணனுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

அண்ணனுக்கு வித்தை பிடித்துப்போயிற்று. கடையில் ஒரு ஸ்கேல் வந்தது. காற்றடிக்க வருகிற சைக்கிளையெல்லாம் நிறுத்தி அளக்க ஆரம்பித்தார். ஒருநாள் பால்காரரின் சைக்கிள் மாட்டியது. அண்ணன் ஸ்கேலை வைத்து, கண்ணைச் சுருக்கி, மறுபடி வைத்துப் பார்த்தார்.

“கால் இஞ்சு நீண்டுகீது. செயினும் போச்சு, பல்லும் போச்சு. உடனே மாத்தணும்.”

பால்காரர் கேனை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னார்: “நீ அளக்கற வரைக்கும் நல்லாத்தானேய்யா ஓடினு இருந்துச்சி.”